ரேடியல் ஆஞ்சியோவுக்குப் பின் கட்டும் காற்றுப் பட்டை: ஒரு கேத் லேப் செவிலியரின் மதிப்பீடு

மணிக்கட்டிலுள்ள ரேடியல் தமனி வழியாக இதயக் குழாய்ச் சோதனை (ஆஞ்சியோ) முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் கையில், ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதை இன்று பல குடும்பங்கள் பார்த்திருக்கும். ரசீதில் அது கையுறைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு வரியாக வந்துபோகும். ஸ்டென்ட் எந்த நிறுவனத்தினுடையது, மருந்து பூசியதா, விலை என்ன என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் உறவினர்கள் இந்தப் பட்டையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. கேட்டாலும் நின்று பதில் சொல்லப் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. ஆனால் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியாகச் செய்யும் சிகிச்சைகளில் ரத்தநாளங்களுக்கு அடிக்கடி நேரும் காயங்கள் இதயத்தில் நேர்பவை அல்ல, கதீட்டர் உள்ளே நுழைந்த இடத்தில் நேர்பவை. அந்த இடத்தைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளைப் பொருட்படுத்தாமல் கடந்துபோவது நியாயமாகத் தோன்றவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் இதயக் குழாய்ச் சோதனைகள் நடக்கும் கேத் லேபிலும் அதை ஒட்டிய கண்காணிப்பு வார்டிலும் வேலை செய்யும் செவிலி. இந்த வகைப் பட்டைகளில் நான் அதிகம் கையாண்டது ஜப்பானைச் சேர்ந்த டெருமோ நிறுவனத்தின் டிஆர் பேண்ட். ஏறத்தாழ அதே அமைப்பில் வேறு பல நிறுவனங்களும் பட்டைகளைச் செய்கின்றன. அமைப்பைப் பற்றி நான் சொல்லும் விவரங்கள் டிஆர் பேண்டை வைத்தே சொல்லப்படுபவை. சாதக பாதகங்களாகச் சொல்பவை இந்த வகை முழுவதற்கும் பொதுவானவை.

முதலில் இப்படி ஒரு பொருள் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1953இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர், ஊசியால் தமனியைத் துளைத்து, அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, கம்பியின் மேலாகக் குழாயை உள்ளே கொண்டுசெல்லும் முறையை வெளியிட்டார். இன்று நடக்கும் ஆஞ்சியோக்கள் எல்லாம் அந்த முறையின் வாரிசுகள். கத்தி வைக்காத சிகிச்சை என்று நாம் பெருமையாகச் சொன்னாலும், தமனியின் சுவரில் ஒரு துளை போடாமல் இது நடப்பதில்லை. சிகிச்சை முடிந்ததும் அந்தத் துளை அடைபட வேண்டும். நெடுங்காலம் அந்தத் துளையைத் தொடை இடுக்கிலுள்ள ஃபெமோரல் தமனியில்தான் போட்டார்கள். அங்கே துளை சற்று மேலே விழுந்துவிட்டால் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குப் பின்புறம் கசியும். முதுகு வலிக்கிறது என்று நோயாளி சொல்லி, ரத்த அழுத்தம் சரியும் வரை யாருக்கும் தெரியாது. சற்றுக் கீழே விழுந்தால் அழுத்திப் பிடிக்கப் பின்னால் எலும்பு இருக்காது. துளை சரியாக மூடாமல் தமனிக்கு வெளியே ரத்தம் ஒரு பையாகத் தேங்கித் துடிக்கும். வார்டில் நாங்கள் சூடோ என்று சுருக்கிச் சொல்லும் சூடோ அனியூரிசம் அதுதான். துளையிடும்போது அருகிலுள்ள சிரையும் சேர்ந்து குத்துப்பட்டால் தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு உண்டாகிவிடும். கதீட்டர் போய்வரத் தமனிக்குள் வைக்கும் உறைக்குழாயான ஷீத்தை எடுத்தபின் செவிலியோ டெக்னீஷியனோ 15 முதல் 20 நிமிடம் தன் உடல் எடையைக் கொடுத்துக் கையால் அழுத்திப் பிடிப்பதும், அதன் பிறகு நோயாளி காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து படுத்துக் கிடப்பதும் இந்தக் காயங்களுக்கு அஞ்சித்தான்.

மான்ட்ரியாலைச் சேர்ந்த லூசியன் காம்போ 1989இல் மணிக்கட்டிலுள்ள ரேடியல் தமனி வழியாக இதயக் குழாய்ச் சோதனை செய்யலாம் என்று காட்டினார். ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனேய் 1992இல் அதே வழியில் இதயக் குழாய் அடைப்பை விரிக்கும் சிகிச்சையைச் செய்தார். ரேடியல் தமனி தோலுக்கு மிக அருகில், எலும்பின் மேல் படுத்திருப்பதால் அழுத்தி நிறுத்துவது எளிது. ரத்தம் கசிந்தாலும் கண்ணுக்கு உடனே தெரியும். திடீர் மாரடைப்புக்கும் அதை ஒத்த நிலைகளுக்கும் சிகிச்சை பெற்ற 7,021 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான ரைவல் ஆய்வில், பெரிய ரத்தநாளக் காயங்கள் தொடை வழியில் 3.7 சதவீதமாகவும் மணிக்கட்டு வழியில் 1.4 சதவீதமாகவும் இருந்தன. வழி மாறியதில் நோயாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு உண்மையானது, அதில் எனக்கு ஐயமில்லை. மணிக்கட்டு வழிக்கு மாறியதும் அந்தச் சிறு துளையை மூடுவதற்குத் தொடையின் மேல் வைத்து அழுத்தும் மணல் மூட்டை பொருந்தவில்லை. அந்த இடத்தில்தான் இந்தப் பட்டை வந்து சேர்ந்தது.

பட்டையின் அமைப்பு எளிமையானது, நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. மணிக்கட்டின் வளைவுக்கு ஏற்ப வளைந்த ஒரு கெட்டித் தகடும், அதன் உட்புறம் பெரிதும் சிறிதுமாக இரண்டு காற்றுப் பைகளும், கையைச் சுற்றி ஒட்டுவதற்கு வெல்க்ரோவும் இருக்கின்றன. பையின் நடுவே ஒரு பச்சைக் குறி இருக்கும். அதைத் துளைக்கு நேராக வைத்துப் பட்டையைக் கட்டி, கூடவே வரும் சிரிஞ்சால் வழக்கமாக 13 முதல் 15 மில்லி வரை காற்று ஏற்ற வேண்டும். 18 மில்லிக்கு மேல் ஏற்றக் கூடாது. காற்று ஏறியதும் பெரிய பை துளையை மேலிருந்து அழுத்த, சிறிய பை அந்த அழுத்தத்தைச் சரியான கோணத்துக்குத் தள்ளுகிறது. மணிக்கட்டு முழுவதும் இறுகுவதில்லை, ரேடியல் பக்கம் மட்டும் அழுந்துகிறது. சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னார் தமனியும், ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகளும் ஓரளவு தப்பிக்கின்றன. எல்லாம் ஊடுருவித் தெரிவதால், கட்டைப் பிரிக்காமலே துளையில் கசிவு இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்துவிடலாம். இரவுப் பணியில் விளக்கைப் போட்டு ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போக முடிவது எங்களுக்குச் சிறிய உதவி அல்ல.

இதற்கு முன்பும், இன்றும் பல இடங்களிலும் செய்வது, பஞ்சுத்துணியை உருட்டித் துளையின் மேல் வைத்து, டைனாபிளாஸ்ட் எனும் இழுபடும் ஒட்டுப்பட்டையால் மணிக்கட்டைச் சுற்றி இழுத்து ஒட்டுவது. விலை மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும், கைதேர்ந்தவர் ஒட்டினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது, இறுக்கத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமென்றால் முழுவதையும் வெட்டிப் பிரிக்க வேண்டும், வயதானவர்களின் மெல்லிய தோல் ஒட்டுப்பட்டையோடு உரிந்து வந்துவிடும். இந்த மூன்று குறைகளையும் காற்றுப் பட்டை தீர்த்துவைக்கிறது. ரத்தத்தை நிறுத்தும் கருவி என்ற அளவில் மட்டும் மதிப்பிட்டால் இதற்குக் குறை சொல்ல அதிகம் இல்லை.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்தை இவ்வளவு எளிதாக நிறுத்திவிடுவதாலேயே, இந்தப் பட்டை இன்னொரு காயத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ரேடியல் தமனி 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய குழாய். அதற்குள் ஒரு ஷீத் போய் வரும்போது அதன் உட்சுவர் உரசிப் புண்ணாகிறது. பெண்களுக்கும் சிறிய உடல்வாகு கொண்டவர்களுக்கும் தமனி இன்னும் ஒடுக்கமாக இருப்பதால் உரசல் கூடுதல். புண்ணான அந்தச் சுவரின் மேல் வெளியிலிருந்து முழு அழுத்தம் கொடுத்து ரத்த ஓட்டத்தை அறவே நிறுத்திவைத்தால், தேங்கிய ரத்தம் அங்கேயே உறைந்து தமனி நிரந்தரமாக அடைபட வாய்ப்பு உண்டு. இதைத்தான் ரேடியல் அடைப்பு என்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு கணக்கின்படி, சோதனை முடிந்த முதல் 24 மணி நேரத்தில் இது ஏறத்தாழ 7.7 சதவீதம் பேருக்குக் காணப்படுகிறது. ஒரு வாரத்துக்குப் பின் பார்க்கும்போது 5.5 சதவீதமாகக் குறைகிறது. ரைவல் ஆய்வின் 1.4 சதவீதம் இந்த அடைப்பை எண்ணிச் சொன்ன கணக்கு அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடைபட்டது நோயாளிக்கு ஏன் தெரிவதில்லை? உள்ளங்கையில் ரேடியல் தமனியும் அல்னார் தமனியும் வளைவாக இணைந்திருப்பதால், ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று கைக்குப் போதுமான ரத்தத்தைக் கொடுத்துவிடுகிறது. கை வலிப்பதில்லை, நிறம் மாறுவதில்லை. செவிலியர்களையே ஏமாற்றும் இன்னொரு விஷயமும் உண்டு. அடைப்புக்கு அப்பால் உள்ள தமனிப் பகுதிக்கு உள்ளங்கை வளைவு வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து சேர்வதால், மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி துடிப்பதுபோலவே இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் ‘ரேடியல் நாடி நன்றாக உள்ளது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி, தமனி திறந்திருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. வேறொரு மருத்துவமனையில் முதல் ஆஞ்சியோவை முடித்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது ஆஞ்சியோவுக்கு எங்களிடம் வந்த ஒரு பெரியவரின் பழைய தாளில் அந்த வாக்கியம் இருந்தது. அல்னார் பக்கத்தை அழுத்திப் பார்த்தபோது ரேடியலில் ஓட்டமே இல்லை. கையில் முதல் முறை எந்தத் தொந்தரவும் இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார், அது உண்மையும்தான். அவருக்கு இம்முறை தொடை வழியே போக வேண்டியதாயிற்று. தவிர்க்க நினைத்த அபாயங்கள் அத்தனையும் அதோடு திரும்பி வந்தன.

மறுமுறை ஆஞ்சியோ செய்வது மட்டும் அல்ல இதில் உள்ள இழப்பு. பைபாஸ் அறுவைச் சிகிச்சையில் இணைப்புக் குழாயாக எடுத்துப் பயன்படுத்தும் தமனிகளில் ரேடியலும் ஒன்று. அதைவிட நம் ஊரில் நான் கவலையோடு பார்ப்பது சிறுநீரக நோயாளிகளை. ஹீமோடயாலிசிஸுக்காக மணிக்கட்டில் ரேடியல் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைக்கும் முறை 1966இல் பிரெசியா, சிமினோ முதலானோர் வெளியிட்டது. இன்றும் முதலில் யோசிக்கப்படும் இடம் மணிக்கட்டுதான். நீண்ட கால நீரிழிவு உள்ள ஒருவருக்கு இதயக் குழாயும் சிறுநீரகமும் சேர்ந்தே கெடுவது வழக்கம். இன்று அவர் கையில் அடைபடும் தமனி, நாளை டயாலிசிஸுக்கு அவர் நம்பியிருக்க வேண்டிய தமனியாக இருக்கலாம். சோதனைக்கு முன்பே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, அப்படிப்பட்டவருக்கு எந்தக் கை, எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டியது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் பட்டையைக் கையாளும் எங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பட்டை அடைப்பை உண்டாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. இதன் காற்றுப் பை, மில்லி கணக்கில் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், டைனாபிளாஸ்டால் எளிதில் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வல்லது: துளையில் கசிவு நிற்கும் அளவுக்கு அழுத்தம், ஆனால் தமனிக்குள் ஓட்டம் நிற்காத அளவுக்கு மட்டுமே அழுத்தம். மல்லிகைச் சரம் தொடுப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். நார் தளர்ந்தால் பூ உதிரும், நார் இறுகினால் காம்பு அறுபடும், இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பணியாற்றும் இதய மருத்துவர் சமீர் பாஞ்சோலியின் குழு 436 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ப்ராஃபெட் ஆய்வு, இந்த நடு இறுக்கத்தின் மதிப்பை எண்களில் காட்டியது. வழக்கம்போல் இறுக்கிக் கட்டியவர்களில் 24 மணி நேரத்தில் 12 சதவீதம் பேருக்கு அடைப்பு. ஓட்டத்தை விட்டுவைத்து அழுத்தியவர்களில் 5 சதவீதம். முப்பது நாள் கழித்துப் பார்த்தபோது முறையே 7 சதவீதம், 1.8 சதவீதம். செலவு எதுவும் கூடாமல், மருந்து எதுவும் கூடாமல் கிடைத்த வேறுபாடு இது.

செய்யும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொருளின் தரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஷீத்தைச் சிறிது வெளியே இழுத்துவிட்டு, பச்சைக் குறி துளைக்கு நேராக வரும்படி பட்டையைக் கட்டி, 15 மில்லி காற்று ஏற்றி, ஷீத்தை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். பிறகு சிரிஞ்சை மறுபடியும் பொருத்தி, பெருவிரலால் தண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் துளையில் ஒரு துளி ரத்தம் அரும்பும். அந்த இடத்தில் 1 அல்லது 2 மில்லி காற்றைத் திரும்ப ஏற்றினால் கசிவு நின்றுவிடும். அடுத்து, அதே கையின் ஆள்காட்டி விரலில், நாடித் துடிப்பைத் திரையில் அலையாகக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கம் அல்னார் தமனியை விரலால் அழுத்தி மூட வேண்டும். திரையில் அலை தொடர்ந்து வந்தால் ரேடியலில் ஓட்டம் இருக்கிறது என்று பொருள். அலை தட்டையாகிவிட்டால் பட்டை தமனியை முழுவதும் மூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் காற்றைக் குறைக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

அந்தச் சில நிமிடங்கள்தான் கிடைப்பதில்லை. அடுத்த நோயாளி ஏற்கெனவே மேசைக்கு அருகில் வந்துவிட்டிருப்பார். கையில் இருப்பதை முடித்து அனுப்பும் அவசரத்தில் உச்ச அளவான 18 மில்லியையும் ஏற்றிவிட்டால் வார்டில் ரத்தம் கசிந்து யாரும் திட்டமாட்டார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கசிவு என்பது உடனே தெரியும் தவறு, அடைப்பு என்பது யாருக்கும் தெரியாத தவறு; மனிதர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வார்டிலும் இதே கதை தொடரும். “சிஸ்டர், கையெல்லாம் மரத்துப் போச்சு, கொஞ்சம் லூஸ் பண்ணுங்க” என்று நோயாளி கேட்பார். “கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா, இப்ப தளர்த்துனா ரத்தம் வந்துடும்” என்று புதிதாக வேலைக்கு வந்த செவிலி சொல்லிவிட்டுப் போவார். விரல் நுனிகள் நீலம் பாய்ந்து, புறங்கை வீங்கி, மரத்துப்போவது பெரும்பாலும் சிரைகள் அழுந்தியதன் அடையாளம். 1 அல்லது 2 மில்லி காற்றைக் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பல நேரங்களில் அவர் தேறிவிடுவார், ரத்தமும் வராது.

எவ்வளவு நேரம் கட்டியிருக்க வேண்டும் என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. வெறும் சோதனைக்குக் குறைவாகவும், ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து அதிகம் கொடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் வைப்பார்கள். அதன் பிறகு சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 2 அல்லது 3 மில்லியாகக் காற்றை இறக்குவார்கள். நேரம் நீள நீள அடைப்பு கூடுகிறது என்பதும், இரண்டு மணி நேரத்தில் எடுப்பது ஆறு மணி நேரம் வைத்திருப்பதைவிடத் தமனிக்கு நல்லது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகிவிட்டன. பணி மாறும் நேரத்தில் கட்டிய பட்டை, அடுத்தவர் பொறுப்பேற்று, அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, யாரோ நினைவுபடுத்தும் வரை கையில் கிடப்பதுதான் நடைமுறையில் நான் பார்க்கும் மிகப்பெரிய குறை. இது பொருளின் குற்றம் இல்லை. ஆனாலும் எந்த நேரத்தில் கட்டியது, இப்போது உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்ற இரண்டையும் பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை என்பதைப் பொருளின் குறையாகவே நான் எண்ணுகிறேன். ஊடுருவித் தெரிவதற்காக இவ்வளவு சிரத்தை எடுத்தவர்கள், எழுதிக்கொள்ள ஒரு சிறு வெள்ளைப் பட்டியைச் சேர்த்திருக்கலாம். நாங்கள் ஒரு பிளாஸ்டர் துண்டில் நேரத்தையும் மில்லியையும் எழுதிப் பட்டையின் நுனியில் ஒட்டிவிடுகிறோம்.

சிரிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஆர் பேண்டில் காற்று ஏற்றவும் இறக்கவும் அதற்கென்றே உள்ள சிரிஞ்ச்தான் பொருந்தும். வார்டில் கிடக்கும் சாதாரண சிரிஞ்சை மாட்ட முடியாது. மருந்து ஏற்றும் குழாய் என்று நினைத்து எவரும் தவறுதலாக எதையும் செலுத்திவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் இதைப் பார்த்தால் சரிதான். ஆனால் கேத் லேபிலிருந்து வார்டுக்கு வரும் வழியில் அந்தச் சிரிஞ்ச் தொலைந்துவிட்டால், காற்றைப் படிப்படியாகக் குறைக்கும் வசதி முழுவதும் போய்விடுகிறது. சிரிஞ்சை நோயாளியின் கோப்போடு சேர்த்து ஒட்டி அனுப்பும் பழக்கம் இல்லாத இடங்களில் இது அடிக்கடி நிகழக்கூடியது. மெலிந்த மணிக்கட்டு உள்ள வயதான பெண்களுக்கு வழக்கமான 24 செண்டிமீட்டர் பட்டையை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் தகடு சற்று நழுவி, பச்சைக் குறி துளையை விட்டு விலகிவிடுவதும் உண்டு. பருமனான கைக்கு 29 செண்டிமீட்டர் அளவு இருக்கிறது. மெலிந்த கைக்கு அப்படி ஒரு தனி அளவை நான் கையாண்டதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காற்று ஏற்றும் முன்பே தகட்டைச் சரியாகப் பொருத்தி, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, வெல்க்ரோவை ஒட்டுவது நல்லது.

இது ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கான பொருள். கேத் லேப் பொருட்களைக் கழுவிக் கிருமி நீக்கி மறுபடியும் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதல்ல. தொகுப்புக் கட்டணத்தில் சிகிச்சை நடக்கும்போது சிறு பொருட்களில் சிக்கனம் பார்க்கத் தோன்றுவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் இந்தப் பட்டையில் அந்தச் சிக்கனம் கைகொடுக்காது. வெல்க்ரோவின் பிடி தளரும், காற்றுப் பையின் ஒட்டுப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத கசிவு உண்டாகும். 15 மில்லி ஏற்றிய பட்டையில் ஒரு மணி நேரம் கழித்து எத்தனை மில்லி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவோடு அழுத்துவதற்காகவே வாங்கிய பொருளில் அளவு நிலைக்காவிட்டால், அதைவிட ஒரு புதிய டைனாபிளாஸ்ட் துண்டு மேல் என்பேன்.

பட்டையால் காக்க முடியாத ஒரு காயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பட்டை இருக்கிறது என்ற நிம்மதியே அதைத் தவறவிடச் செய்கிறது. கதீட்டருக்கு முன்னால் போகும் மெல்லிய கம்பி சில நேரம் முன்கையில் உள்ள சிறு கிளைத் தமனிக்குள் தவறிப்போய் அதைக் கிழித்துவிடும். ரத்தம் மணிக்கட்டில் கசியாது. முழங்கைக்குக் கீழே தசைகளுக்கு நடுவே ஊறும். பட்டைக்கு அடியில் துளை உலர்ந்து, பார்க்கச் சுத்தமாக இருக்கும். முன்கை மட்டும் மெல்ல இறுகி, பளபளத்து, பெருத்துக்கொண்டே போகும். விரல்களை நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி என்று நோயாளி சொன்னால், தசையறைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அஞ்ச வேண்டும். நேரம் தவறினால் தசையைக் காக்க அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தொடக்கத்திலேயே கவனித்தால் வீக்கத்தின் மேல் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி அளவாக ஊதி அழுத்துவது, கையை உயர்த்தி வைப்பது போன்றவற்றால் பெரும்பாலும் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். எனவே மணிக்கட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் முழங்கை வரை தடவிப் பார்ப்பதும், வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைப்பதும் செவிலியின் வேலையில் சேர்ந்தவை. சட்டைக் கையை மேலே சுருட்டிவிடாமல் வார்டுக்கு அனுப்புவதைக்கூட நான் விரும்புவதில்லை.

திருகு கொண்டு தகட்டை இறக்கி அழுத்தும் பட்டைகளும் இருக்கின்றன. அவை மறுபடி சரிசெய்ய வசதியானவை என்றாலும், அழுத்தும் தகடு கெட்டியாக இருப்பதால் காற்றுப் பையின் இதம் அவற்றில் கிடைப்பதில்லை. தொடை வழிக்கென்று உள்ள, துளையை மூடும் கொலாஜன் (ஒருவகைப் புரதம்) அடைப்பான்களும் தையல் கருவிகளும் வேறு இனம். நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்க உதவும் அவையே தவறினால் தமனியை அடைத்துவிடக்கூடியவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆக, வாங்கலாமா என்று மருத்துவமனை நிர்வாகத்தில் யாராவது கேட்டால், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு பட்டையோடும் சில நிமிடச் செவிலியர் நேரத்தையும், வார்டில் அலை தெரியும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் சேர்த்தே வாங்க வேண்டும். விரலில் மாட்டும் சிறிய கருவிகளில் எண் மட்டும் காட்டுபவை இந்தச் சோதனைக்கு உதவா. அந்த நேரமும் அலை காட்டும் கருவியும் இல்லாத இடத்தில் இந்தப் பட்டை விலை கூடிய டைனாபிளாஸ்ட் மட்டுமே. பட்டையை எடுத்தபின், டிஸ்சார்ஜுக்கு முன், அல்னாரை அழுத்தி அலையைப் பார்க்கும் அதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். அடைப்பு புதியதாக இருக்கும்போது அல்னார் தமனியை ஒரு மணி நேரம் அழுத்திவைத்தால், ரத்தம் ரேடியல் வழியே போக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டுப் பலருக்கு அது திறந்துகொள்கிறது. சோதனை முடிந்தபின் அல்னாரை அழுத்திவைப்பதை முன்னெச்சரிக்கையாகவே செய்து பார்த்த, 3,000 பேரைக் கொண்ட ப்ராஃபெட் இரண்டாம் ஆய்வில், முப்பது நாள் அடைப்பு 3 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாக இறங்கியது. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டபின் அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் நழுவுகிறது.

நோயாளியோடு இருப்பவர்கள், பட்டை எப்போது கட்டப்பட்டது, எப்போது தளர்த்தத் தொடங்குவார்கள், கையில் தமனி திறந்திருக்கிறதா என்று அலை பார்த்தாயிற்றா என்ற மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். அக்கறையுள்ள எந்தச் செவிலியும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வந்தபின் சில நாட்களுக்கு அந்தக் கையால் கனமான குடமோ சிலிண்டரோ தூக்கக் கூடாது. துளையிலிருந்து ரத்தம் பீறிட்டால் பதறித் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடாமல், நோயாளியை உட்கார வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, துளையின் மேல் பெருவிரலால் நேராக அழுத்திப் பிடித்தபடியே அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். முன்கை வீங்குவது, விரல்கள் குளிர்ந்து வெளுப்பது, மணிக்கட்டில் துடிக்கும் கட்டி தோன்றுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறு பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காட்டிவிட வேண்டும்.